கையை உள்ளே விடுவதற்கு முன்னால்: மில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன். "மெஷின் நின்னுடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவே?" பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "சத்தம் நின்னுடுமுங்க" என்பார்கள். இல்லையென்றால், "ஸ்டாப் பட்டனை அமுக்கினா நின்னுடுமுங்க" என்பார்கள். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த இரண்டையும் நம்பி விரலை இழந்தவர்களோடு நான் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

கோவைப் பக்கம் நூற்பாலைகளில் 22 வருடமாக ஃபிட்டராக இருக்கிறேன். அதனால் மில்லை வைத்தே சொல்கிறேன். பவர் பிரஸ், ஃபவுண்டரி, பேக்கிங் லைன் என்று வேறு எங்கே நீங்கள் சேர்ந்தாலும் மெஷினின் பெயர்தான் மாறும். கை மாட்டுகிற விதம் மாறாது.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மெஷினில் இருக்கிற கவர், கதவு, கம்பி வலை எல்லாம் ஓட்டுகிறவரைக் காப்பதற்காகச் செய்தவை. நம் வேலையோ அந்தக் கவரைக் கழற்றுவதில்தான் தொடங்குகிறது. ஓட்டுகிறவர் நாள் முழுக்க மூடிய மெஷினோடு நிற்கிறார். நாம் திறந்த மெஷினுக்குள் கையை விடுகிறோம். கவரை எடுத்த இடத்தில் நமக்கென்று வேறொரு பாதுகாப்பை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். "பாத்து வேலை செய்" என்று மேஸ்திரி சொல்வது அந்தப் பாதுகாப்பு ஆகாது. பார்த்துத்தான் எல்லோரும் வேலை செய்கிறார்கள். நைட் ஷிஃப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்ற நினைப்போடு, எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருக்க முடியும்? கவனம் தவறும் நேரத்திலும் கையைக் காப்பாற்றுகிற ஏற்பாடு வேண்டும். அதைத்தான் ஒவ்வொரு படியாகச் சொல்லப் போகிறேன்.

டிபார்ட்மென்டுக்குள் போவதற்கு முன்

மோதிரத்தைக் கழற்றுங்கள். கல்யாண மோதிரமாக இருந்தாலும் சரி. சுற்றுகிற பாகம் மோதிரத்தைப் பிடித்தால் விரலை வெட்டாது, தோலைச் சதையோடு உரித்து எடுத்துவிடும். ஏணியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் ஒரு கொக்கியில் மாட்டினாலே போதும், அதே கதிதான். வாட்ச், காப்பு இவையும் வேண்டாம். கையில் கட்டிய கோயில் கயிறைக் கழற்றத் தயங்குவார்கள். எனக்கும் நம்பிக்கை உண்டு. அந்தக் கயிறை வீட்டில் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு வரலாம், அல்லது டிஃபன் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டையின் பட்டன் திறந்து தொங்கக் கூடாது. பெண் பிள்ளைகள் துப்பட்டாவை ஓவர்கோட்டுக்குள் விட்டு, கூந்தலைக் கட்டித் தொப்பிக்குள் வையுங்கள்.

கையுறை விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம். சுற்றுகிற எதன் பக்கத்திலும் கையுறை ஆபத்து: டிரில்லிங் மெஷின், லேத், ரோலர், புல்லி. வெறும் விரலை உரசிவிட்டு நழுவியிருக்க வேண்டிய பாகம், கையுறையின் நூலைப் பிடித்து மொத்தக் கையையும் உள்ளே இழுத்துவிடும். கார்டிங் வயர் (பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினின் ஊசிப் பல் கம்பி), தகடு, உடைந்த பெல்ட் மாதிரி கிழிக்கிற பொருளைத் தூக்கும்போது, அதுவும் மெஷினைப் பூட்டிய பிறகு, வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள். அங்கே அது கட்டாயம்.

கையுறையைப் போலவே இன்னொன்று, பனியன் வேஸ்ட். நம் ஊரில் அது இல்லாத வொர்க்‌ஷாப்பே கிடையாது. எண்ணெய் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் ஓடுகிற ஷாஃப்டை அதை வைத்துத் துடைக்காதீர்கள். பனியன் துணி நெசவுத் துணி மாதிரி சட்டென்று கிழியாது, நீளும். ரோலர் ஒரு நுனியைப் பிடித்ததும் மீதித் துணி உங்கள் விரலைச் சுற்றி இறுகும். அனிச்சையாக நீங்கள் துணியை இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். அதற்குள் கை உள்ளே போயிருக்கும்.

மெஷின் எங்கே கடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வாரம் ஸ்பேனரைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாக் கவரும் மூடியிருக்கும்போது, ஓடுகிற மெஷினைச் சுற்றி நடந்து பாருங்கள். இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றினால், ஒரு பக்கம் வெளியே தள்ளும், மறுபக்கம் உள்ளே இழுக்கும். எது இழுக்கிற பக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் கண்டுபிடியுங்கள். பெல்ட் புல்லியைத் தொடுகிற இடம், செயின் பல்சக்கரத்தில் ஏறுகிற இடம், கியரும் கியரும் சேருகிற இடம், இவை எல்லாம் வாய்தான்.

பஞ்சுத் திரியை மெல்லிதாக்கி லேசாக முறுக்குகிற சிம்ப்ளெக்ஸில், சுற்றிவரும் கை மாதிரியான ஃப்ளையர் அடிக்கும். குட்டை இழைகளைச் சீவி நீக்குகிற கோம்பரில், பஞ்சைக் கவ்வும் நிப்பர் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடும். இழைகளை இழுத்து நேராக்குகிற டிராயிங் மெஷினில், திரியை அழுத்துகிற காலண்டர் ரோலர். நூல் முறுக்குகிற ரிங் ஃப்ரேமில், பல்சக்கரங்கள் இருக்கிற முனையான கியர் எண்டும், அடியில் ஓடுகிற டேப்பும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோரூமில், பஞ்சை அடிக்கிற பீட்டர். பஞ்சு அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்கத் தூண்டும் மெஷின் அது. கார்டிங்கைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

நிறுத்துவது வேறு, பூட்டுவது வேறு

ஸ்டாப் பட்டன் மெஷினுக்குச் சொல்லும் ஒரு சொல், அவ்வளவுதான். வேறு யாராவது ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் அந்தச் சொல் போய்விடும். சிவப்பாகப் பெரிதாக இருக்கிற எமர்ஜென்சி ஸ்டாப்பும் கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் வெட்டும். மோட்டாருக்குப் போகிற மின்சாரம் பேனலில் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். அதை நம்பி மெஷினுக்குள் கையை விடக் கூடாது.

வரிசை இப்படி இருக்கட்டும். அந்த மெஷினை ஓட்டுகிறவரிடமும் ஷிஃப்ட் மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டு, மெஷினை முறையாக நிறுத்துங்கள். பேனலுக்குப் போய், மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கிற சுவிட்சான மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்யுங்கள். அந்தக் கைப்பிடியில் பூட்டு மாட்ட ஓட்டை இருக்கும். உங்கள் பூட்டை அதில் போட்டுச் சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். பெயர், தேதி, நேரம், என்ன வேலை என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அதற்கென்றே பல ஓட்டை உள்ள கொக்கி இருக்கிறது. ஆளுக்கொரு பூட்டை அதில் மாட்டலாம். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை மெஷின் உயிர் பெறாது. பழைய பேனலில் பூட்டு மாட்ட இடம் இல்லையென்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றச் சொல்லி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணப் பூட்டு சில நூறு ரூபாய்தான். கம்பெனி கொடுக்க வேண்டியது அது. கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

பூட்டியதும் வேலையைத் தொடங்காதீர்கள். திரும்ப மெஷினிடம் வந்து, யாரும் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்கள். ஓடக் கூடாது. ஓடினால் நீங்கள் பக்கத்து மெஷினின் ஐசொலேட்டரைப் பூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சிரிக்காதீர்கள். ஒரே மாதிரி இருபது மெஷின் வரிசையாக நிற்கும் டிபார்ட்மென்டில், பேனலில் ஒட்டிய எண் அழிந்துபோயிருக்கும் இடத்தில், எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது. அந்தச் சோதனைதான் என் கையைக் காப்பாற்றியது. பிறகு ஸ்டாப் பட்டனையும் ஒருமுறை அமுக்கிவிடுங்கள்.

மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற டிரைவ் பேனல் உள்ள மெஷின் என்றால், ஆஃப் செய்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே எழுதியிருக்கும். பேனலுக்குள் கை வைப்பது எலக்ட்ரீஷியன் வேலை, நம் வேலை அல்ல.

காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இப்போது கார்டிங்குக்கு வருகிறேன். அதன் சிலிண்டர் ஏறக்குறைய 1.3 மீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளை. மேல் முழுக்க ஊசி ஊசியாக வயர் சுற்றியிருக்கும். நிமிடத்துக்கு 450 சுற்று என்று வைத்துக்கொண்டால், அதன் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் போகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற காரின் வேகம் அது. கரண்டை வெட்டினாலும் அவ்வளவு பெரிய கனம் உடனே நிற்காது. பிரேக் இல்லாத கார்டிங் மெஷினில் பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆபத்து இன்னொன்றில் இருக்கிறது. முழு வேகத்தில் சுற்றும்போது வயரின் பற்கள் கண்ணுக்குத் தெரியாது. பளபளவென்று ஒரு இரும்புத் தகடு அசையாமல் நிற்பதுபோல இருக்கும். மோட்டார் சத்தமும் நின்றுவிட்டது, பக்கத்து மெஷின் இரைச்சலில் இதன் மெல்லிய ஓசை கேட்காது. புதியவன் கதவைத் திறந்து, பஞ்சை உள்ளே வாங்குகிற லிக்கர்-இன் உருளையின் பக்கம் ஒட்டியிருக்கிற பஞ்சைக் கிள்ளி எடுக்கக் கை நீட்டுகிறான். அது ரம்பப் பல். அது வெட்டுவதில்லை, அரைக்கிறது. அரைத்த விரலைத் திரும்ப ஒட்டவைக்க டாக்டருக்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் வயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் புல்லியைப் பாருங்கள். புல்லியின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால், கோடு நின்றால்தான் சிலிண்டர் நின்றது. புதிய மெஷின்களில் சிலிண்டர் நிற்கும்வரை கதவு திறக்காத பூட்டு உண்டு. அதை ஏமாற்றி வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போதே மெஷின் ஓடினால், கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கிற ஏதோ ஒரு லிமிட் சுவிட்சில் குச்சியோ காந்தமோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த மெஷினில் வேலை தொடங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

மின்சாரத்தைப் பூட்டிய பிறகும் தங்கியிருக்கிற சக்தி வேறும் உண்டு. காற்று லைனில் 6 பார் அழுத்தம் இருக்கும். வால்வை மூடினால் போதாது, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றையும் வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் சிக்கிய பஞ்சை எடுத்த நொடியில், காற்றால் இயங்கும் சிலிண்டர் படாரென்று அடிக்கும். தூக்கி நிறுத்திய பாகத்துக்குக் கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பிக் கீழே கை வைக்காதீர்கள். இழுத்து நிற்கிற ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுத் தொடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

நான் ஹெல்ப்பராக இருந்தபோது, ரிங் ஃப்ரேமில் கவுண்ட், அதாவது நூலின் பருமன், மாற்றுவதற்காக கியர் எண்டில் சேஞ்ச் வீல் என்ற பல்சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். மூத்த ஃபிட்டர் அண்ணன் உள்ளே குனிந்திருந்தார். கதவு திறந்தால் மெஷின் ஓடாமல் தடுக்கிற லிமிட் சுவிட்சில் ஒரு மரக்குச்சி செருகியிருந்தது, எப்போதும்போல. பல்லோடு பல் சேரவில்லை. "கொஞ்சம் இஞ்சிங் போடு கண்ணு" என்றார். இஞ்சிங் என்றால் பட்டனைத் தட்டி மெஷினைத் துளித்துளியாக நகர்த்துவது. போட்டேன். சக்கரம் ஒரு துளி நகர்ந்தது. மறுபடி "போடு" என்றார், போட்டேன். மூன்றாவது முறை அவர் குரல் வந்ததும் நான் பட்டனை அமுக்கினேன். அவர் சொன்னது "போடாதே."

வலதுகை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கியருக்கிடையே போயின. அவர் கத்தவில்லை. "எடுத்துட்டியா கண்ணு, கையை எடுத்துட்டியா" என்று என்னைத்தான் கேட்டார். பட்டனிலிருந்து என் கையை எடுத்துவிட்டேனா என்று.

அன்றிலிருந்து நான் யோசித்துப் பார்த்த விஷயம் இது. நம் தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில் வருகிறது. போடு, போடாதே. விடு, விடாதே. எடு, எடுக்காதே. தலை ஒன்றுதான். ரிங் ஃப்ரேம் டிபார்ட்மென்டின் இரைச்சல் 90 டெசிபலைத் தொடும். வால் இரைச்சலில் போய்விடுகிறது. காதில் விழுவது "போடு" மட்டும். இப்போது நம் மில்களில் ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு பாதி இந்தி, பாதி தமிழில் கத்திக்கொண்டு வேலை செய்யும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது.

இதற்கு நான் பழகிக்கொண்டதையும், என் பிள்ளைகளுக்குப் பழக்கியதையும் சொல்கிறேன்.

முடிந்தவரை இஞ்சிங்கே வேண்டாம். மெயினைப் பூட்டிவிட்டு, மோட்டார் புல்லியைக் கையால் சுற்றுங்கள். பல் சேருவதற்கு அது போதும். நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும்.

இஞ்சிங் போட்டே ஆக வேண்டிய வேலை என்றால், யார் கை உள்ளே இருக்கிறதோ அவர் கையில்தான் பட்டன் இருக்க வேண்டும். ஒரு கையில் பட்டன், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். பட்டன் தூரமாக இருந்தால், உள்ளே இருப்பவர் வெளியே வந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டன். குரலுக்குப் பட்டன் அமுக்கக் கூடாது. முகம் தெரியாத இடத்தில் நிற்கிறவரின் குரலுக்கு ஒருபோதும் கூடாது.

நிறுத்துவதற்கு ஒரே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: "ஸ்டாப்." தமிழருக்கும் ஒடியாக்காரருக்கும் ஒரே சொல். அதை யார் சொன்னாலும், போகிற போக்கில் கூட்டுகிற அம்மா சொன்னாலும், உடனே நிறுத்த வேண்டும். எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வேலை பாதியில் இருந்தால் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அடுத்த ஷிஃப்ட் ஃபிட்டரை மெஷினிடம் அழைத்து வந்து காட்டி, அவர் தன் பூட்டைப் போட்ட பிறகு உங்கள் பூட்டை எடுங்கள்.

சின்ன வேலைகள்

கை விபத்து என்றதும் கியர், ரோலர் என்றுதான் நினைக்கிறோம். நாள்தோறும் நடக்கிறது ஸ்பேனரில். வாய் திறந்த ஸ்பேனர் தேய்ந்திருந்தால் நட்டில் வழுக்கி, விரல் முட்டி போய் இரும்பில் மோதும். முடிந்த இடத்திலெல்லாம் ரிங் ஸ்பேனர் போடுங்கள். உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். ஸ்பேனருக்குப் பைப் போட்டு நீட்டாதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் வேலையை உள்ளங்கையில் வைத்துச் செய்யாதீர்கள். தலை விரிந்த உளியைத் தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

போல்ட் ஓட்டை நேராக வந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மேல் தகடு ஒரு நூல் நகர்ந்தாலும் அந்த ஓட்டை கத்திரிக்கோல்தான். அதற்கென்று கூர்மையான கம்பி இருக்கிறது, விரலுக்குப் பதில் அதை ஓட்டைக்குள் நுழைத்துப் பாருங்கள்.

ரிங் ஃப்ரேம் ரோலரில் லாப்பிங் விழுந்தால், அதாவது பஞ்சு சுற்றிக்கொண்டால், கொக்கிக் கத்தியால் கிழித்து எடுப்பார்கள். ஓடும்போதே செய்கிறவர்களைப் பார்த்து நீங்களும் செய்துவிடாதீர்கள். கத்தி எப்போதும் உங்கள் கட்டைவிரலிலிருந்து விலகிப் போகிற திசையில் இருக்க வேண்டும்.

பேரிங் சூட்டைக் கை வைத்துப் பார்ப்பது பெருமை அல்ல. தூரத்திலிருந்தே சூடு காட்டும் துப்பாக்கி மாதிரியான கருவி வந்து பல காலம் ஆகிவிட்டது. கம்ப்ரஸர் காற்றால் கையிலிருக்கும் பஞ்சை ஊதாதீர்கள்.

ஓடுகிற மெஷினில் எண்ணெய் விடச் சொன்னால் என்ன செய்வது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 22-ஆம் பிரிவில் இதை அன்றே தெளிவாக எழுதிவைத்தது. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் போடவோ வேண்டியிருந்தால், அதற்கென்று தனிப் பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, நிர்வாகம் கொடுத்த இறுக்கமான உடை அணிந்தவர்தான் செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். நேற்றுச் சேர்ந்த உங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்காது. "என் பேரு ரிஜிஸ்டர்ல இல்லீங்கண்ணா" என்று மரியாதையாகவே சொல்லலாம்.

திரும்ப ஓட்டும்போது

வேலை முடிந்த களைப்பில், "கவரை அப்புறம் போட்டுக்கலாம், ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்று சொல்கிற அந்த நிமிடம்தான் எனக்கு எப்போதும் பயம். டூல் எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஆட்களை எண்ணுங்கள். கவர் அத்தனையும் மாட்டி, லிமிட் சுவிட்சில் குச்சி எதுவும் இல்லை என்று பார்த்து, எல்லோரும் தள்ளி நின்ற பிறகு உங்கள் பூட்டை நீங்களே எடுங்கள். உங்களுக்காக வேறு யாரும் எடுக்கக் கூடாது. ஓடவிட்டுப் பார்த்ததில் ஏதோ சரியில்லை என்றால் மறுபடி முதலிலிருந்துதான்: நிறுத்தி, பூட்டி, ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்த்து. இரண்டாவது தடவை பூட்டாமல் கை விட்டவர்கள்தான் அதிகம்.

அடிபட்டுவிட்டால்

கை மாட்டியிருந்தால் பதறி மெஷினை ரிவர்ஸில் ஓட்டாதீர்கள். மெயினை ஆஃப் செய்து, ரோலரைத் தளர்த்தி, கையை விடுவியுங்கள். அடிபட்டவரைக் கீழே படுக்க வைத்து, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். அழுத்திய துணியை நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்க்காதீர்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். விரலைச் சுற்றி நூலோ கம்பியோ இறுக்கிக் கட்டாதீர்கள்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, கிரீஸ் எதுவும் போடாதீர்கள். அன்பாகத்தான் ஓடி வந்து போடுவார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே டாக்டருக்கு அரைமணி நேரம் போகும், கிருமியும் உள்ளே போகும். ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் சோடா, டீ, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்கு அடிபட்டது என்று ஒரு தாளில் எழுதி அவரோடு அனுப்புங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். பஞ்சுக் குவியலுக்குள் இருந்தாலும் தேடுங்கள். நசுங்கியிருக்கிறதே, உதவாதே என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், டாக்டர் செய்யட்டும். துண்டைத் தேய்த்துக் கழுவாமல், சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக மூடுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பைக்குள்ளோ பாத்திரத்துக்குள்ளோ வையுங்கள். விரல் நேராக ஐஸைத் தொடக் கூடாது. தொட்டால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் மிதக்கவும் விடக் கூடாது. தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டிவிடாதீர்கள், அப்படியே தாங்கிக் கட்டுங்கள். அந்தச் சிறு தோலில் ஒரு ரத்தக்குழாய் உயிரோடு இருக்கலாம். குளிரில் ஒழுங்காக வைத்த விரலை 12 மணி நேரம் கழித்தும் ஒட்டவைக்க முடிகிறது. மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் தசை இருப்பதால் அவ்வளவு அவகாசம் கிடையாது. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரியில் இந்த நுண் அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோவையில் கங்கா மருத்துவமனை இதற்குப் பேர்போனது. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. போகும் வழியிலேயே போன் செய்து, விரலைக் கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ரத்தமே வராத ஒரு காயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரீஸ் கன், ஹைட்ராலிக் ஹோஸ், பெயின்ட் ஸ்பிரே இவற்றின் நுண்ணிய ஓட்டை வழியாகப் பீய்ச்சி வரும் கிரீஸோ எண்ணெயோ பெயின்டோ தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தினது மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே எண்ணெய் நரம்பு ஓரமாகப் பரவித் திசுவைக் கொன்றுகொண்டே போகும். ராத்திரிக்குள் கை வீங்கிவிடும். பேண்டேஜ் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், என்ன எண்ணெய் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றே திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஹோஸில் கசிவு தேட விரலால் தடவாதீர்கள். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

காகித வேலை

ஆஸ்பத்திரிச் சீட்டில் உண்மையை எழுதச் சொல்லுங்கள். "வீட்ல கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடு, செலவை நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது காதோடு சொல்லக்கூடும். அந்த ஒரு வரி, பிறகு உங்களுக்கு வர வேண்டிய எல்லாவற்றையும் அடைத்துவிடும். எந்த மெஷினில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்தபோது என்று பதிவாக வேண்டும். மில்லின் விபத்துப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு நிர்வாகம் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று வீட்டில் யாராவது போய்க் கேளுங்கள். இரண்டு சாட்சிகளின் பெயரை நீங்களும் குறித்து வையுங்கள்.

இஎஸ்ஐயில், நோய்க்கான பணத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் பட்ட காயத்துக்கு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் தருவார்கள். விரல் நிரந்தரமாகப் போனால் மெடிக்கல் போர்டு பார்த்து, வேலைத் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்று முடிவு செய்யும். அதற்குச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது: கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. ஒரு கணு போனதற்கு ஒரு கணக்கு, எலும்பு போகாமல் நுனி மட்டும் போனதற்கு வேறு கணக்கு. எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, பிசியோதெரபி அட்டை எதையும் தொலைக்காமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். போர்டு அதைத்தான் பார்க்கும்.

பிசியோதெரபிக்குக் கட்டாயம் போங்கள். தையல் ஆறியதும் சரியாகிவிட்டது என்று நின்றுவிடுகிறவர்கள் நிறைய. விரல் மடங்காமல் விறைத்துப்போவது அதற்குப் பிறகுதான். விரல் மாட்டிய அந்த ஃபிட்டர் அண்ணன் மூன்று மாதம் விடாமல் போனார். நடுவிரல் ஒரு கணு குறைவு, ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. மேஜையில் வாஷரையும் நட்டையும் கொட்டிவைத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடும் பயிற்சி கொடுத்தார்கள். முதல் வாரம் ஒரு வாஷரை எடுக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குத் திரும்பிய அன்று அவர் முதலில் செய்தது, அந்த ரிங் ஃப்ரேமின் கியர் எண்டுக்குப் போய், லிமிட் சுவிட்சில் இன்னும் அந்தக் குச்சி இருக்கிறதா என்று பார்த்ததுதான். இருந்தது. பிடுங்கி என் கையில் கொடுத்தார்.